ஒரே கேம், இரண்டு கன்சோல்: கிராஃபிக்ஸையும் ஓட்டத்தையும் நீங்களே ஒப்பிடுவது எப்படி

ஒரு கேமை இரண்டு கன்சோலில் போட்டு, ஆளுக்கொரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "இதில்தான் தெளிவாக இருக்கிறது" என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த வித்தியாசம் கன்சோலால் வந்ததா, டிவி செட்டிங்கால் வந்ததா, பழைய பேட்ச்சால் (கேமுக்கு வரும் அப்டேட்) வந்ததா என்று கண்டுபிடிக்கத்தான் ஒரு நாள் ஆகும். புதிதாக முயல்பவர்கள் தடுமாறுவது அங்கேதான். கண்ணால் பார்ப்பதிலிருந்து தொடங்கி, அளப்பதைக் கடைசிக்கு விட்டுவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசை அதற்கு நேர்மாறானது. முதலில் இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருவோம், பிறகு அளப்போம், அப்புறம்தான் பார்ப்போம்.

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகியவற்றை மனதில் வைத்தே எழுதுகிறேன். மற்ற கன்சோல்களுக்கும் முறை இதுதான், மெனுப் பெயர்கள்தான் மாறும்.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"எது சிறந்தது" என்பதை வைத்துக்கொண்டு எதையும் அளக்க முடியாது. "பெர்ஃபார்மன்ஸ் மோடில், சண்டைக் காட்சிகளில், எது 60 ஃபிரேமை விடாமல் பிடிக்கிறது?" என்று கேட்டால் அளக்கலாம். "குவாலிட்டி மோடில் உள்ளே எத்தனை ரெசல்யூஷனில் வரைகிறது?" என்பதும் அப்படித்தான். ஃபிரேம் என்பது விநாடிக்கு இத்தனை என்று திரையில் வரும் தனித்தனிப் படம், ரெசல்யூஷன் என்பது அந்தப் படத்தில் உள்ள பிக்சல்களின் (புள்ளிகளின்) அளவு. பெர்ஃபார்மன்ஸ் மோட் ஃபிரேம் வேகத்துக்கும் குவாலிட்டி மோட் படத் தரத்துக்கும் முன்னுரிமை தரும்.

கேள்வியை முதலிலேயே எழுதிவைக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஃபிரேம் எண்ண வேண்டிய வீடியோ வேறு, பிக்சல் எண்ண வேண்டிய படம் வேறு. இரண்டுக்கும் ஒரே பதிவு போதும் என்று நினைத்தால் கடைசியில் எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

நிறுவனங்கள் சொல்லும் டெராஃபிளாப்ஸ் எண்ணை (படத்தை வரையும் சிப்பான ஜிபியு விநாடிக்குப் போடும் கணக்குகளின் அளவு) வைத்து முடிவை முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள். பிளேஸ்டேஷன் 5க்கு 10.28, சீரிஸ் எக்ஸுக்கு 12.15 என்பது உண்மைதான். ஆனால் இரண்டும் ஏறக்குறைய சமமாக ஓடிய கேம்களும் உண்டு, எண்ணில் சின்னது முந்திய கேம்களும் உண்டு. டெவலப்பர் எந்தக் கருவியில், எவ்வளவு நேரம் செலவிட்டு அந்தப் பதிப்பைச் செய்தார் என்பது அந்த எண்ணில் வராது.

2. கையில் இருக்க வேண்டியவை

கன்சோலின் 4கே (3840 x 2160 பிக்சல்) படத்தை விநாடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் கணினியில் பதிவுசெய்யும் கேப்சர் கார்டு, ஓபிஎஸ் போன்ற ஒரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர், நிறைய காலி இடம் உள்ள எஸ்எஸ்டி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்க்கக்கூடிய எடிட்டர், பிக்சலை அப்படியே பெரிதாக்கிக் காட்டும் இமேஜ் எடிட்டர், ஒரு நோட்டு. இவ்வளவு போதும்.

கன்சோலில் உள்ள ரெக்கார்டிங் வசதி போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். லோடிங் நேரம் பார்க்கப் போதும். மற்றவற்றுக்குப் போதாது. அது வீடியோவை அதிகமாகச் சுருக்குகிறது, வேகமாக அசையும் காட்சியில் புல்லும் புகையும் குழைந்துவிடுகின்றன. இரண்டு கன்சோலும் வேறு வேறு விதமாகச் சுருக்குவதால், நீங்கள் ஒப்பிடுவது கேமை அல்ல, இரண்டு என்கோடர்களை. யூடியூபிலிருந்து இறக்கிய வீடியோவுக்கும் இதே கதிதான்.

3. இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருதல்

இங்கே அவசரப்பட்டால் பின்னால் செய்வதெல்லாம் வீண். நான் பார்த்த தவறான ஒப்பீடுகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்திலேயே கெட்டுப்போனவை. என்னுடைய முதல் ஒப்பீடும் சேர்த்துத்தான்.

முதலில் கேமின் பதிப்பு. பிளேஸ்டேஷன் 5இல் ஒரே கேமின் பிஎஸ்4 பதிப்பையும் பிஎஸ்5 பதிப்பையும் நிறுவ முடியும். எது ஓடுகிறது என்று கேம் ஐகானில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்டன் ரிங் இதற்கு நல்ல உதாரணம்: பிளேஸ்டேஷன் 5இல் அதன் பிஎஸ்4 பதிப்பை ஓடவிட்டால், பிஎஸ்5 பதிப்பைவிட 60 ஃபிரேமை உறுதியாகப் பிடிக்கும், படத்தின் தரம்தான் குறையும். எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் "பிளேஸ்டேஷன் 5இல் 60" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. எக்ஸ்பாக்ஸில் ஸ்மார்ட் டெலிவரி உள்ள கேம்களுக்குச் சரியான பதிப்பு தானாக வந்துவிடும். பேட்ச் எண்ணை இரண்டிலும் பார்த்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள்.

அடுத்தது மோட். பிளேஸ்டேஷன் 5இல் கேம் ப்ரீசெட் என்று ஒரு செட்டிங் உண்டு. அதில் ரெசல்யூஷனா, பெர்ஃபார்மன்ஸா என்று எப்போதோ தேர்ந்தெடுத்து மறந்திருப்பீர்கள், புதிதாகத் திறக்கும் கேம் அதைப் பின்பற்றித் தொடங்கும். எக்ஸ்பாக்ஸில் அதே கேம் வேறு மோடில் தொடங்கலாம். ஒன்று குவாலிட்டியிலும் மற்றொன்று பெர்ஃபார்மன்ஸிலும் ஓடிக்கொண்டிருக்க, கன்சோல் மேல் பழி போடுவதை அடிக்கடி பார்க்கிறேன். கேமின் மெனுவுக்குள் போய், மோட், மோஷன் பிளர், ஃபிலிம் கிரெயின், பார்வைக் கோணம், பிரைட்னஸ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். பழைய கேம் என்றால் எக்ஸ்பாக்ஸில் ஆட்டோ எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் தானாக விரிப்பது), எஃப்பிஎஸ் பூஸ்ட் (ஃபிரேம் வேகத்தைக் கூட்டுவது) இரண்டும் எந்த நிலையில் இருக்கின்றன என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு சிக்னல். இரண்டு கன்சோலிலும் 4கே, 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 முறை திரை புதுப்பிப்பு), எச்டிஆர் ஆஃப், விஆர்ஆர் (கேமின் ஃபிரேம் வேகத்துக்கு ஏற்ப டிவி தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) ஆஃப். விஆர்ஆர் இருந்தால் ஃபிரேம்கள் சீரான இடைவெளியில் வராது, அப்படி வந்ததை 60 ஹெர்ட்ஸில் பதிவுசெய்து எண்ணினால் கணக்கு தப்பும். எச்டிஆர் படத்தைச் சாதாரணப் படமாக மாற்றும்போது கேப்சர் சாஃப்ட்வேர் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றும். பிளேஸ்டேஷன் 5இல் கூடுதலாக எச்டிசிபியை (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு) ஆஃப் செய்யுங்கள், இல்லையென்றால் கேப்சர் கார்டில் கருந்திரைதான் வரும்.

கேப்சர் செய்ய வசதி என்று கன்சோல் அவுட்புட்டை 1080பிக்கு (1080 வரி உயரமுள்ள படம்) இறக்கிவிடாதீர்கள். சில கேம்கள் அதைக் கண்டு உள்ளே வரையும் ரெசல்யூஷனையே மாற்றிக்கொள்ளும். அப்போது நீங்கள் அளப்பது வேறு யாரும் விளையாடாத ஒரு மோடை.

கடைசியாக ஆர்ஜிபி ரேஞ்ச், அதாவது கருப்பு முதல் வெள்ளை வரை நிறத்தைக் குறிக்கும் எண்களின் எல்லை. ஃபுல் ரேஞ்சில் கருப்பு 0, லிமிடெட் ரேஞ்சில் 16. என் முதல் ஒப்பீட்டில் ஒரு கன்சோலின் இருட்டுக் காட்சிகள் எல்லாம் சாம்பல் பூத்தது போல இருந்தன. லைட்டிங்கில் கோளாறு என்று முடிவுகட்டி இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். அனுப்புவதற்கு முன் சந்தேகம் வந்து, கன்சோலின் மெனு திறப்பதற்கு முன் வரும் முழுக் கருந்திரையில் கலர் பிக்கரை வைத்தேன். 0, 0, 0 வர வேண்டிய இடத்தில் 16, 16, 16 வந்தது. கன்சோல் லிமிடெட் ரேஞ்சில் அனுப்பியதை என் சாஃப்ட்வேர் ஃபுல் ரேஞ்ச் என்று எடுத்துக்கொண்டிருந்தது. தவறு முழுக்க என் பக்கம். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: அப்போது நிழலுக்குள் இருக்கும் விவரங்கள் கருப்பில் மூழ்கிவிடும், பார்ப்பவர்கள் "கான்ட்ராஸ்ட் அருமை" என்பார்கள். இப்போதெல்லாம் கருந்திரையில் 0 பார்க்காமல் நான் ரெக்கார்ட் பொத்தானைத் தொடுவதில்லை.

டிவியில் நேரடியாகப் பார்ப்பதாக இருந்தால் இரண்டு கன்சோலையும் ஒரே ஹெச்டிஎம்ஐ போர்ட்டில் மாற்றி மாற்றிச் செருகுங்கள். பல டிவிகள் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனிப் பிக்சர் செட்டிங் வைத்திருக்கும்.

4. திரும்ப எடுக்கக்கூடிய காட்சியைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே அசைவில் இரண்டு பதிவும் இருக்க வேண்டும். கேம் இன்ஜினே நேரடியாக வரையும் கட்சீன் (நடுவில் கதை சொல்லும் காட்சி) இதற்கு மிக நல்லது, கேமரா ஒவ்வொரு முறையும் ஒரே பாதையில் போகும். முன்கூட்டியே ரெண்டர் செய்து வீடியோவாக வைத்த கட்சீனைத் தவிர்த்துவிடுங்கள். அது எங்கும் ஒரே கோப்பு. பாத்திரத்தின் உடையை மாற்றிப் பாருங்கள். கட்சீனிலும் உடை மாறினால், நேரடியாக வரைகிறது என்று பொருள்.

அடுத்து ஒரு நடைப்பாதை. சேவ் பாயிண்டிலிருந்து கிளம்பி, எங்கும் நிற்காமல், 60 விநாடி. கூட்டம் உள்ள சந்தை ஒன்று, புகையும் வெடிப்பும் நிறைந்த சண்டை ஒன்று, வேகமாக வண்டி ஓட்டும் பாதை ஒன்று என்று மூன்று வகையிலும் ஒவ்வொன்று எடுங்கள். ஒவ்வொன்றும் கன்சோலின் வெவ்வேறு பாகத்தைச் சோதிக்கிறது. கூட்டம் சிபியுவை (கேமின் பொதுவான கணக்குகளைப் போடும் சிப்), புகை ஜிபியுவை, வேகம் எஸ்எஸ்டியிலிருந்து தரவு வந்துசேர்வதை.

ஒவ்வொரு பாதையையும் மூன்று முறையாவது ஓடுங்கள். முதல் ஓட்டத்தில் வரும் ஒரு திக்கல் இரண்டாவதில் வராமல் போகலாம், அப்போது அதைக் கன்சோலின் கணக்கில் எழுதக்கூடாது.

5. பதிவு

உங்கள் கணினி தாங்கும் அளவுக்கு அதிக பிட்ரேட்டில் எடுங்கள். பதிவு நடக்கும்போது ஓபிஎஸ்ஸில் "டிராப் ஆன ஃபிரேம்" எண்ணிக்கை பூஜ்ஜியமாக இருக்கிறதா என்று பாருங்கள். கணினி திணறி விட்ட ஃபிரேமைக் கன்சோல் விட்டதாக எண்ணிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. கோப்புப் பெயரில் கன்சோல், மோட், காட்சி, ஓட்ட எண் நான்கையும் போடுங்கள். இருபது கோப்பு சேர்ந்த பிறகு எது எது என்று கண்டுபிடிக்க முடியாது.

6. ஃபிரேம் எண்ணுதல்

60 ஹெர்ட்ஸ் பதிவில் ஒரு விநாடிக்கு 60 இடங்கள். கேம் புதுப் படம் தந்தால் அந்த இடத்தில் புதுப் படம், தராவிட்டால் முந்தைய படமே இன்னொரு முறை. ஆக, எண்ண வேண்டியது எத்தனை படம் திரும்ப வந்திருக்கிறது என்பதை மட்டும்தான்.

இதற்கு டிஆர்டிராப் போன்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ சாஃப்ட்வேரில் எம்பிடெசிமேட் ஃபில்டரும் திரும்ப வரும் படங்களைப் பிடிக்கும். இருந்தாலும் முதல் முறை 10 விநாடியைக் கையால் எண்ணிப் பாருங்கள். 600 ஃபிரேம், அம்புக்குறி விசையைத் தட்டித் தட்டி. அலுப்பாக இருக்கும். ஆனால் சாஃப்ட்வேர் எங்கே ஏமாறுகிறது என்று அப்போதுதான் தெரியும். பாத்திரம் அசையாமல் நிற்கும்போது புதுப் படமும் பழைய படம் போலவே இருக்கும், சாஃப்ட்வேர் அதை விடுபட்ட ஃபிரேம் என்று எழுதிவிடும். திரை கருப்பாக மங்கும் இடத்திலும் இதுவேதான். அதனால்தான் நடைப்பாதையில் நிற்காதீர்கள் என்றேன்.

டேரிங் வேறு மாதிரி ஏமாற்றும். திரையின் மேல்பாதி புதுப் படம், கீழ்ப்பாதி பழைய படம் என்று கிழிந்து வரும். சாஃப்ட்வேர் அதை முழுப் புதுப் படமாக எண்ணினால், கிழிந்த படம் தரும் கன்சோல் வேகமானது போலத் தெரியும். கிழிசலைத் தனியாக எண்ணி எழுதுங்கள்.

இப்போது முக்கியமானது: சராசரியை மட்டும் எழுதாதீர்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். 10 விநாடியில் 600 இடங்கள், அதில் 30 படம் திரும்ப வந்தவை. சராசரி 57. முதல் கன்சோலில் அந்த 30ம் ஒரே விநாடியில், ஒன்றுவிட்டு ஒன்றாகக் குவிந்திருக்கிறது. அதாவது ஒரு வெடிப்பின்போது ஒரு விநாடி 30க்கு இறங்கி, மீதி ஒன்பது விநாடியும் 60இல் ஓடுகிறது. இரண்டாவது கன்சோலில் அதே 30, ஒவ்வொரு 20 இடத்துக்கும் ஒன்றாகப் பரவியிருக்கிறது. கேமராவைத் திருப்பும்போதெல்லாம் விநாடிக்கு மூன்று முறை ஒரு சின்ன வெட்டு. எண் ஒன்றுதான், விளையாடும்போது இரண்டும் ஒன்றல்ல. எனக்கு இரண்டாவதுதான் சகிக்க முடியாதது.

இதைக் காட்டுவது ஃபிரேம் டைம். 60 ஃபிரேமில் ஒரு படம் 16.7 மில்லிசெகண்ட் நிற்க வேண்டும், 30இல் 33.3. ஒரு படம் 16.7, அடுத்தது 50, மறுபடி 16.7 என்று மாறி மாறி வந்தாலும் சராசரி 30 என்றே வரும். ஆனால் ஆட்டம் தடதடக்கும். இதைத்தான் ஃபிரேம் பேசிங் கோளாறு என்கிறோம். ஒவ்வொரு படமும் எத்தனை இடம் நின்றது என்பதை வரைபடமாகப் போட்டால் கோடு நேராக இருக்கிறதா, ரம்பம் போல இருக்கிறதா என்று உடனே தெரியும்.

40 ஃபிரேம் மோட் தரும் கேம் என்றால், ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட் அப்படி ஒன்று, 120 ஹெர்ட்ஸ் சிக்னல் வேண்டும். ஒவ்வொரு படமும் 25 மில்லிசெகண்ட் நிற்பது 120க்குச் சரியாக மூன்று இடம், 60க்கு ஒன்றரை இடம். கேப்சர் கார்டும் 120 பிடிக்க வேண்டும். 1080பியில் பிடித்தாலும் ஃபிரேம் எண்ண அது போதும், கன்சோலின் அவுட்புட்டை மட்டும் தொடாதீர்கள்.

எங்கே இறங்கியது என்று தெரிந்ததும், ஏன் என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. அதே இடத்தை ரெசல்யூஷன் குறைந்த மோடில் ஓடவிடுங்கள். இறக்கம் மறைந்தால் ஜிபியு திணறியது. அப்போதும் அதே அளவு இறங்கினால் பெரும்பாலும் சிபியு, அல்லது எஸ்எஸ்டியிலிருந்து வரும் தரவு. பிளேஸ்டேஷன் 5 ப்ரோவை ஒப்பிடுபவர்களுக்கு இது முக்கியம். அதில் ஜிபியுதான் பெரிதாக மாறியது, சிபியு ஏறக்குறைய பழையதே. கூட்டத்தில் திணறும் கேம் அங்கேயும் திணறலாம்.

7. பிக்சல் எண்ணுதல்

4கே என்று எழுதியிருக்கும் கேம் உள்ளே 1440பியில் வரைந்து பெரிதாக்கிக் காட்டலாம். முழு 4கேயில் சுமார் 83 லட்சம் பிக்சல், 1440பியில் சுமார் 37 லட்சம். பாதிக்கும் குறைவு.

சுருக்கப்படாத ஒரு படத்தை எடுத்து 800 சதவீதம் பெரிதாக்குங்கள். பெரிதாக்கும்போது எடிட்டர் வழவழப்பாக்காமல், சதுரம் சதுரமாகக் காட்ட வேண்டும். பிரகாசமான வானத்துக்கு எதிரே லேசாகச் சாய்ந்து போகும் ஒரு கூரை விளிம்பையோ கம்பியையோ தேடுங்கள். அது படிக்கட்டு போலத் தெரியும். விளிம்பு மேலிருந்து கீழாக 30 பிக்சல் இறங்குவதற்குள் எத்தனை படி என்று எண்ணுங்கள். 30 படி இருந்தால் உள்ளே வரைவதும் முழு 2160 வரிதான். 20 படிதான் இருந்தால், 20ஐ 30ஆல் வகுத்து 2160ஆல் பெருக்குங்கள்: 1440. ஏறக்குறைய செங்குத்தான விளிம்பில், பக்கவாட்டில் இதே கணக்கைப் போட்டால் அகல ரெசல்யூஷன் கிடைக்கும். இரண்டையும் எண்ணுங்கள், சில கேம்கள் அகலத்தை மட்டும் குறைக்கும்.

ஹெல்த் பார், மினிமேப், எழுத்து ஆகியவற்றை எண்ணாதீர்கள். அவை பெரும்பாலும் முழு ரெசல்யூஷனில் தனியாக மேலே ஒட்டப்படுபவை. "எழுத்து எவ்வளவு கூர்மை பாருங்கள், இது அசல் 4கே" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

எஃப்எஸ்ஆர் 2, பிஎஸ்எஸ்ஆர் போல முந்தைய ஃபிரேம்களைச் சேர்த்துப் படத்தைக் கூர்மையாக்கும் முறை இருந்தால் படிக்கட்டு மழுங்கிவிடும். அப்போது கட்சீனில் கேமரா ஒரு கோணத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்துக்குப் போங்கள். தாவிய முதல் ஃபிரேமில் சேர்ப்பதற்குப் பழைய படம் எதுவும் இருக்காது, உள்ளே வரைந்த படம் அப்படியே மாட்டிக்கொள்ளும். அந்த ஒரு ஃபிரேமில் எண்ணுங்கள்.

பல கேம்கள் சுமைக்கு ஏற்ப ரெசல்யூஷனை நொடிக்கு நொடி மாற்றுகின்றன. ஒரே படத்தில் எண்ணிவிட்டு "1800பி" என்று எழுதக்கூடாது. அமைதியான இடம், சண்டை, கூட்டம் என்று பத்துப் படமாவது எண்ணி, "1296பி முதல் 1800பி வரை" என்று எழுதுங்கள். சீரிஸ் எஸ்ஸை இந்த வரிசையில் வைக்கும்போது, அது 1440பியைக் குறிவைத்துச் செய்யப்பட்டது, நினைவகமும் 16 ஜிபிக்குப் பதில் 10 ஜிபிதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

8. படத்தைப் பார்த்தல்

இப்போதுதான் கண்ணுக்கு வேலை. இரண்டு படத்தையும் இமேஜ் எடிட்டரில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலடுக்கை மறைத்து மறைத்துக் காட்டுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண் நகரும் நேரத்தில் சின்ன வித்தியாசம் நழுவிவிடும். ஒரே இடத்தில் மாறினால் காணாமல்போன ஒரு புல் கூடத் துள்ளித் தெரியும்.

தூரத்து நிழல் எங்கே முடிகிறது, சாய்வாகத் தெரியும் தரையில் டெக்ஸ்சர் (மேற்பரப்பில் ஒட்டும் படம்) எவ்வளவு தூரம் கூர்மையாக இருக்கிறது, தண்ணீரில் திரைக்கு வெளியே உள்ள பொருளும் தெரிகிறதா என்று இந்த வரிசையில் பார்ப்பது என் பழக்கம். அந்த மூன்றாவது, ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) இருக்கிறதா என்பதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். சாதாரணத் திரைப் பிரதிபலிப்பில், கேமராவைக் கீழே சாய்த்து மேலே உள்ள கட்டடத்தைத் திரையிலிருந்து வெளியேற்றினால் தண்ணீரிலும் அது மறைந்துவிடும்.

காட்சி லோட் ஆனதும் சில விநாடி பொறுத்துப் படம் எடுங்கள். டெக்ஸ்சர் முழுதாக வந்து சேர்வதற்கு முன் எடுத்த படத்தை வைத்து "சேறு பூசியது போல இருக்கிறது" என்று எழுதுவது அநியாயம். ஃபோட்டோ மோடிலும் எடுக்காதீர்கள். பல கேம்கள் அதில் மட்டும் தரத்தை ஏற்றிக் காட்டும். இதற்கு ஒரு வேடிக்கையான விதிவிலக்கு, கன்ட்ரோல் என்ற கேம். அதன் ரே டிரேசிங் மோட் விளையாட்டில் 30 ஃபிரேமில் பூட்டப்பட்டிருக்கும், ஃபோட்டோ மோடில் அந்தப் பூட்டு இல்லை. அதனால் ஜிபியுக்களின் உண்மையான இடைவெளியை அளக்க அது ஒரு சோதனைக்கூடம் போல உதவியது.

9. லோடிங், பொத்தான் தாமதம்

லோடிங்கை ஸ்டாப்வாட்சில் அளக்காமல் பதிவில் ஃபிரேமாக எண்ணுங்கள். கேமை முழுதாக மூடிவிட்டுத் தொடங்க வேண்டும். எக்ஸ்பாக்ஸில் குவிக் ரெஸ்யூம் (விட்ட இடத்திலிருந்து உடனே தொடரும் வசதி) குறுக்கே வந்தால் லோடிங்கே நடந்திருக்காது. கேம் உள் எஸ்எஸ்டியில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பொத்தான் தாமதத்துக்கு, 240 ஃபிரேமில் எடுக்கும் ஃபோன் போதும். விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி வைத்து, டிவியை கேம் மோடில் போட்டு, பத்து முறை அழுத்துங்கள். ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 4.2 மில்லிசெகண்ட். ஒன்றிரண்டு ஃபிரேம் வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது விரல் அழுத்தும் விதத்திலேயே வரும்.

10. விஆர்ஆரைத் திரும்பப் போட்டு ஒரு முறை விளையாடுங்கள்

அளந்து முடித்த பிறகு எச்டிஆரையும் விஆர்ஆரையும் ஆன் செய்து, ஒரு மணி நேரம் சும்மா விளையாடுங்கள். பலர் வீட்டில் அப்படித்தான் விளையாடுகிறார்கள். 52க்கும் 60க்கும் நடுவே ஊசலாடிய கேம் விஆர்ஆரில் கிட்டத்தட்டச் சீராகத் தெரியும். ஆனால் பிளேஸ்டேஷன் 5இல் விஆர்ஆர் பொதுவாக 48 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேலை செய்யாது. எக்ஸ்பாக்ஸில் அதற்குக் கீழேயும் பிடிக்கும். ஆகவே இரண்டும் 45க்கு இறங்கும் ஒரு காட்சியில், வரைபடத்தில் சமமாக இருந்தவை திரையில் சமமாக இருக்காது.

11. எழுதுதல்

முதல் பத்தியிலேயே கேம் பதிப்பு, பேட்ச் எண், மோட், எந்தக் காட்சி, எத்தனை முறை ஓட்டினீர்கள் என்று போடுங்கள். சைபர்பங்க் 2077 2020 டிசம்பரில் வெளியானபோது எடுத்த அளவும், 2022 பிப்ரவரியில் புதிய கன்சோல்களுக்கான பதிப்பு வந்த பிறகு எடுத்த அளவும் ஒரே கேமைப் பற்றியவை என்றே சொல்ல முடியாது. தேதி இல்லாத அளவு சீக்கிரம் பொய்யாகிவிடும்.

படங்களை வெட்டி ஒட்டும்போது சிறிதாக்காமல் அசல் அளவில், சுருக்கம் இல்லாத கோப்பாகப் போடுங்கள். 400 சதவீதம் பெரிதாக்கினால்தான் தெரியும் வித்தியாசம் என்றால், அதை அப்படியே சொல்லிவிடுங்கள். வெளியிடுவதற்கு முன், எந்தப் படம் எந்தக் கன்சோல் என்று சொல்லாமல் வேறொருவரிடம் காட்டுங்கள். அவர் உட்காரும் தூரத்திலிருந்து பார்த்து "ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்டால், அதையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.